மானிப்பாய் வைத்தியரும் பிரிஞ்சாங் நோயாளரும்

இவ்வாண்டின் பொழிவுக்குச் சிற்றூர் மருத்துவர் என்னும் பொருளை எடுத்துக்கொண்டோம். பெரிய மருத்துவமனைகளுக்கும் அவற்றை நிறுவியோருக்கும் எழுதப்பட்ட வரலாறு உண்டு. கடைத்தெருவில் ஒரு சிறிய அறையில் அமர்ந்து, காலையில் கைக்குழந்தையின் காய்ச்சலையும் மாலையில் அக்குழந்தையின் பாட்டிக்கு வந்த மூச்சிரைப்பையும் பார்த்து, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறை நோயை மனத்தில் வைத்திருப்பவருக்கு வரலாறு எழுதுவார் அரியர். அவ்வரலாற்றை மொழியின் வழியே காண்பது நம் நோக்கம். மொழி மன்றத்துக்கு மருத்துவத்தில் என்ன வேலை என்று மாணவர் சிலர் வினவக்கூடும். மருத்துவர் நாடியைத் தொடுவதற்கு முன் 'உடம்புக்கு என்ன செய்கிறது?' என்று கேட்கிறார். அக்கேள்வி எம்மொழியில் கேட்கப்படுகிறது, விடை எம்மொழியில் வருகிறது, இடையில் எது தொலைந்துபோகிறது என்பதே நாம் இங்கு ஆராயும் செய்தி.

பிரிஞ்சாங் கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கு மேல் அமைந்த சிற்றூர். சுற்றிலும் தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் உள்ளன. நோய் முற்றினால் ஏறக்குறைய 5 கிலோமீட்டர் தொலைவில் தானா ராத்தாவிலுள்ள சுல்தானா ஹாஜா கால்சோம் மருத்துவமனைக்குச் செல்லலாம். அங்கும் இயலாததற்கு மலையிறங்கி ஈப்போ வரை போதல் வேண்டும். ஆகவே ஊருக்குள் இருக்கும் மருத்துவரின் அறையில், முதற்பத்து நிமிடத்தில் நோயாளர் சொல்வதும் மருத்துவர் விளங்கிக்கொள்வதும் பிற இடங்களைக் காட்டிலும் இங்கு மிகுந்த பொறுப்புடையவை. மலையிறங்க வேண்டிய நோயா, மருந்தும் ஓய்வும் போதுமா என்னும் முடிவு அங்கேயே எடுக்கப்படுகிறது.

தமிழில் உடல் வேதனையைக் குறிக்கும் சொற்களை ஒருமுறை எண்ணிப் பார்ப்போம். வலி என்பது பொதுச்சொல். அதன் உள்ளே குத்தல், குடைச்சல், கடுப்பு, எரிச்சல், உளைச்சல், இழுப்பு, கூச்சம், மதமதப்பு எனப் பல உண்டு. தலை இடிக்கும், கனக்கும், சுற்றும், கிறுகிறுக்கும். வயிறு பொருமும், இரையும், பிசையும், புரட்டும், கடுக்கும். பல் கூசுவது வேறு, குடைவது வேறு, விண்விண்ணென்று தெறிப்பது வேறு. இவை புலவர் அணிக்காகச் செய்துகொண்ட சொற்கள் அல்ல. எழுதப் படிக்க அறியாத மூதாட்டியும் இவற்றைப் பிழையின்றி வேறுபடுத்திச் சொல்வார். நெஞ்சு கரிக்கிறது என்று ஒருவர் சொன்னால் உண்டது செரியாமற் புளிப்பு மேலேறியிருக்கலாம். நெஞ்சை அடைக்கிறது, இடக்கை கனக்கிறது என்று சொன்னால் அவரை வரிசையில் காக்கவைத்தல் ஆகாது. வயிறு கடுக்கிறது என்றால் மலத்தில் சீதமும் குருதியும் உண்டா என்று அடுத்த கேள்வி எழவேண்டும். வயிறு பிசைகிறது என்றால் அக்கேள்வி வேறாகும்.

பெண்கள் தம் உடலைப் பற்றிப் பேசும் தமிழ் இன்னும் நுட்பமானது, பெரும்பாலும் மறைமொழி. 'முழுகாமல் இருக்கிறேன்' என்று ஓர் இளம்பெண் சொன்னால் தமிழறிந்தவர் அவள் கருவுற்றிருப்பதை உடனே அறிவர். சொல்லுக்குச் சொல் பெயர்த்து மருத்துவரிடம் சேர்ப்பவர், அவள் குளிக்கவில்லை என்று சேர்ப்பார். கருவுற்றவளுக்குக் கொடுக்கத் தகாத மருந்துகள் பல. இத்தகைய பெயர்ப்பால் நேரக்கூடியதை மாணவரே எண்ணிக்கொள்ளலாம்.

தமிழ் அறியாத மருத்துவரிடம் தோட்டத் தொழிலாளர் பேசியது பெரும்பாலும் சந்தை மலாயில். மலாய் வறிய மொழி என்று நாம் சொல்லவில்லை. காயத்தில் உப்புப் பட்டாற்போன்ற எரிவுக்குப் பெடே, பற்கூச்சத்துக்கு ஙிலு என அம்மொழிக்கும் தன் நுண்மைகள் உண்டு. ஆனால் கடையிலும் பெரட்டுக்களத்திலும் கற்ற மலாயில் தோட்டத்தாருக்குக் கிடைத்தது 'சாக்கிட்' என்னும் ஒரே சொல்தான். குத்தலும் குடைச்சலும் கரிப்பும் அடைப்பும் அச்சொல் ஒன்றில் அடங்கிப்போயின. மருத்துவர் தம் தொழிலுக்கு வேண்டிய குறிப்புகளை இழந்தார். நோயாளர் தம் நோயைச் சொல்லும் திறத்தை இழந்தார்.

இச்சிக்கலை முதன்முதலில் தெளிவாகக் கண்டு, அதற்குத் தமிழிலேயே தீர்வு தேடிய மருத்துவர் ஒருவர் இருந்தார். அவர் தமிழர் அல்லர். வாழ்ந்தது மலாயாவிலும் அன்று. ஆயினும் நம் தோட்ட மருத்துவத்தின் கதையை அவரை விட்டுத் தொடங்குதல் இயலாது. காரணம் பின்னர் விளங்கும்.

அமெரிக்க மிஷனரிமார் 1816-இல் யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டனர். அவர்களுள் முதல் மருத்துவர் ஜோன் ஸ்கடர்; 1820 முதல் பண்டத்தரிப்பில் நோயாளரைப் பார்த்து, 1836-இல் சென்னைக்குப் பெயர்ந்தார். வேலூர் மருத்துவக் கல்லூரியைத் தோற்றுவித்த ஐடா ஸ்கடர் அவருடைய பேர்த்தியே. ஸ்கடருக்குப் பின் நேதன் வார்ட் என்பவர் வட்டுக்கோட்டையில் பணிசெய்தார். அவர்க்குப் பின் 1847-இல் வந்து சேர்ந்தவர் சாமுவேல் பிஸ்க் கிறீன். 1822-இல் மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டரில் பிறந்து, நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றவர். நியூயார்க்கின் மத்தியப் பூங்கா உருவாகத் துணைநின்ற ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன் இவருடைய தமையனார். தமையனார் மாநகரைச் சமைக்க, இளையவர் மானிப்பாய் என்னும் சிற்றூரைத் தேர்ந்தார்.

கிறீன் வந்த இடம் மருத்துவம் அறியாத வெற்றிடம் அன்று. யாழ்ப்பாண அரசர் பெயர் தாங்கிய செகராசசேகரம், பரராசசேகரம் ஆகிய வைத்திய நூல்கள் அங்கு வழங்கின. தலைமுறை தலைமுறையாக வந்த பரியாரிமார் ஊர்தோறும் இருந்தனர். ஆகவே நோயைப் பற்றிப் பேசுதற்குரிய தமிழ் அங்கு முன்பே விளைந்திருந்தது. கிறீன் செய்தது அத்தமிழில் மேலைநாட்டு மருத்துவத்தை எழுத இயலும் என்று நம்பியது. சமயம் பரப்புதலே அவரை அனுப்பியோரின் முதல் நோக்கம். அவரும் அதனை மறைத்தவர் அல்லர். ஆனால் அவர் விட்டுச்சென்றவற்றுள் இன்று நம் கைக்கு எட்டுவன பெரும்பாலும் மருத்துவ நூல்கள்.

1848-இல் மானிப்பாயில் அவர் தொடங்கிய முதல் வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தது. அதுவே அக்கால வழக்கம். கல்கத்தாவில் நாட்டு மொழிகளில் மருத்துவம் கற்பித்துவந்த கழகம் 1835-இல் மூடப்பட்டு, அதே ஆண்டு ஆங்கில வழி மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. சென்னையிலும் அவ்வாறே. யாழ்ப்பாணத்தில் 1823-இல் தோன்றிய வட்டுக்கோட்டைச் செமினரி ஆங்கிலக் கல்வியிற் சிறந்து விளங்கியது. சி. வை. தாமோதரம்பிள்ளை அங்குப் பயின்றவர் என்பதை நினைத்தால், அச்செமினரி தமிழுக்குப் பகையானது என்று எவரும் சொல்லார். எனினும் அங்குக் கற்றோர் பெரும்பாலும் அரசாங்க உத்தியோகத்தை நாடிச் சென்றனர். கற்றவர் ஊரில் தங்கவில்லை என்னும் மனக்குறை மிஷனுக்குள் வளர்ந்தது. 1855-இல் செமினரி மூடப்பட்டது.

கிறீனும் தம் மாணாக்கரிடத்தில் இதையே கண்டார். ஆங்கிலத்தில் மருத்துவம் கற்றவருக்கு ஆங்கிலம் வழங்கும் இடமெல்லாம் வாயில் திறந்திருந்தது. ஊரில் இருந்து குறைந்த வருவாயில் உழவரைப் பார்க்க அவருக்கு என்ன கட்டாயம்? தமிழில் கற்றவர் தமிழ் வழங்கும் ஊரிலே தங்குவார். நோயாளரோடு அவர்தம் சொல்லிலே பேசுவார். இக்கருத்தை உறுதியாகக் கொண்டு, 1857-இல் தாயகம் சென்று 1862-இல் மீண்டு வந்தபின், 1864 முதல் மருத்துவ வகுப்பைத் தமிழிலேயே நடத்தினார்.

அவருடைய நோக்கத்தை இன்று சிலர் குறைகூறலாம். மாணாக்கர் வேறெங்கும் செல்ல இயலாதவாறு தமிழால் வேலியிட்டார் என்று சொல்ல இடமுண்டு. அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்றே நாமும் கருதுகிறோம். உயர்ந்த பதவிக்குரிய மொழி ஒன்றாகவும், ஊரில் தங்குதற்குரிய மொழி வேறொன்றாகவும் இருக்கும் நாட்டில், ஊர்மொழியில் கற்பித்தல் மாணாக்கனுக்குச் செய்யும் நன்மையா, தடையா? தமிழ்ப்பள்ளி ஆசிரியர் எவருக்கும் பழகிய கேள்வி இது. கிறீனுக்கு நோயாளரின் பக்கம் நின்று பார்க்க இக்கேள்விக்கு விடை எளிதாயிற்று. மாணாக்கரின் பக்கம் நின்றால் அவ்வளவு எளிதன்று.

தமிழில் கற்பிக்கத் தமிழில் நூல் வேண்டும். மாணாக்கரையே துணைக்கொண்டு அவர் அந்நூல்களை உருவாக்கினார். உடலின் அமைப்பையும் இயக்கத்தையும் நலம்பேணலையும் கூறும் அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல் 1850-களிலேயே வெளிவந்தது. 1857-இல் பிரசவ வைத்தியம், 1867-இல் இரண வைத்தியம், 1872-இல் மனுஷ அங்காதிபாதமும் வைத்தியாகரமும், 1875-இல் கெமிஸ்தம், 1883-இல் மனுஷ சுகரணம் என வரிசை நீண்டது. இவற்றுள் மனுஷ அங்காதிபாதம், லண்டனில் 1858-இல் முதற்பதிப்புக் கண்ட கிரே என்பவரின் உடற்கூற்று நூலின் தமிழாக்கம். உலகெங்கும் மருத்துவ மாணவர் இன்றும் அறிந்த அப்பெருநூல், பிறந்த பதினான்கு ஆண்டுகளில் யாழ்ப்பாணத்துச் சிற்றூர் மாணாக்கனுக்குத் தமிழிற் கிடைத்தது. பெயர்ப்பில் சாப்மன், டான்வோத் முதலிய மாணாக்கர் உழைத்தனர். இப்பெயர்களைக் கண்டு அவர்களை அயல்நாட்டார் என எண்ணவேண்டா. மிஷன் பள்ளிகளுக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்களைத் தமிழ் மாணாக்கருக்குச் சூட்டுவது அக்காலத்து வழக்கம்.

நூற்பெயர்களே அவர் கையாண்ட கலைச்சொல் நெறியை நமக்குக் காட்டுகின்றன. வழக்கிலுள்ள தமிழ்ச் சொல்லையும், தமிழில் ஊறிய வடசொல்லையும் அவர் தயங்காது எடுத்துக்கொண்டார். அங்காதிபாதம் என்னும் பெயர், புலவர் பாடும் பாதாதிகேசத்தின் ஓசையைத் தன்னுள் கொண்டது. பாதாதிகேசம் அறிந்த மாணாக்கனுக்கு உடலை உறுப்புறுப்பாகக் கூறும் நூல் இது என்று பெயரே சொல்லிவிடும். இரணம் ஊரார் நாவில் வழங்கும் சொல். பொருந்திய சொல் அமையாதவிடத்து ஆங்கிலச் சொல்லையே எடுத்து, அதற்கு அம் ஈறு கொடுத்து, பட்டம், வட்டம் முதலியவற்றோடு சேர்த்து அமர்த்திவிட்டார். கெமிஸ்தம் அவ்வாறு வந்தது. வேற்றுமை உருபு ஏற்க அதற்கு ஒரு தடையும் இல்லை: கெமிஸ்தத்தை, கெமிஸ்தத்தால், கெமிஸ்தத்தில். தூய தமிழில் பற்றுடையோர் இதனைக் கண்டு முகஞ்சுளிக்கலாம். நமக்கோ, நாளை காலை வகுப்பெடுக்க வேண்டிய ஆசிரியரின் துணிவு அதில் தெரிகிறது.

அச்சொற்கள் நிலைக்கவில்லை. அங்காதிபாதம் உடற்கூற்றியல் ஆயிற்று. சுகரணம் போய் உடலியங்கியல் வந்தது. இரண வைத்தியத்தின் இடத்தில் அறுவை மருத்துவம் நிற்கிறது. கெமிஸ்தம் இலங்கையில் இரசாயனவியலும் தமிழகத்திலும் மலேசியாவிலும் வேதியியலும் ஆகிவிட்டது. சொற்கள் மாறியதை நாம் அவருடைய தோல்வியாகக் கருதவில்லை. அவர் பயிற்றிய அறுபதுக்கும் மேற்பட்ட மருத்துவருள் அவருடைய இரண்டு காலத்து மாணாக்கரும் அடங்குவர். பேறுகாலத்திலும் பேதிக் காலத்திலும் அழைத்தால் வரக்கூடிய, அதே மொழி பேசும் மருத்துவர் யாழ்ப்பாணத்தின் ஊர்களுக்கு அவர்களால் கிடைத்தனர்.

கிறீன் 1873-இல் உடல் நலம் குன்றித் தாயகம் திரும்பினார். திரும்பியபின்னும் நூல்களை விடவில்லை. வூஸ்டரில் இருந்தவாறே தமிழ்க் கைப்படிகளைத் திருத்தி வந்தார். மனுஷ சுகரணம் அச்சேறிய மறு ஆண்டு, 1884 மே மாதம், காலமானார். இந்திய மருந்துப் பொருள்களைக் கூறும் இந்து பதார்த்த சாரம் அவர் மறைந்தபின் 1888-இல் வெளிவந்தது. தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்னும் கருத்தமைந்த சொற்கள் அவர் கல்லறையில் பொறிக்கப்பட்டன. பின்னர் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்த அவரை, 1967-இல் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' என்னும் நூலால் தமிழ் மாணவருக்கு மீட்டுக் கொடுத்தார். மானிப்பாய் மருத்துவமனை இன்றும் கிறீன் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தமிழ் வழி மருத்துவக் கல்வி அவரோடு தளர்ந்தது. கொழும்பில் 1870-இல் அரசு திறந்த மருத்துவப் பள்ளி ஆங்கிலத்தில் கற்பித்தது. அரசு ஏற்ற சான்றும் பதவியும் அவ்வழியே வந்தன. வட்டுக்கோட்டையிலும் 1872-இல் யாழ்ப்பாணக் கல்லூரி தோன்றி ஆங்கிலக் கல்வி மீண்டது. இங்கேதான் கதை கடல் கடந்து நம்மிடம் வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மலாயாவில் இருப்புப்பாதையும் இரப்பர்த் தோட்டமும் பெருகின. ஆங்கிலம் எழுதத் தெரிந்தோர் தேவைப்பட்டனர். கிறீன் எதைத் தடுக்க விரும்பினாரோ அதுவே நடந்தது: ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாண இளைஞர் கப்பலேறினர். எழுத்தராயினர், நிலைய அதிகாரியராயினர். பலர் மருத்துவமனைகளிலும் தோட்டங்களிலும் டிரசர் ஆயினர்.

டிரசர் என்னும் சொல் புண்ணுக்குக் கட்டுப் போடுபவரைக் குறித்து வந்தது. தோட்டத்தில் அவர் அதனினும் மிகப் பெரியவர். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மருத்துவர் குறித்த நாள்களில் வந்து செல்வார். மற்றை நாளெல்லாம் டிரசரே மருத்துவர். பேறு பார்த்தவளுக்குத் துணை அவர், கொயினா கொடுப்பவர் அவர், இறப்பைப் பதிபவர் அவர். இன்னும் ஒன்று: விடியலில் பெரட்டுக்களத்தில் 'உடம்பு முடியவில்லை' என்று நிற்பவனைப் பார்த்து, நோயா கள்ள நோயா என்று சொல்பவரும் அவரே. வேலையில்லையேல் கூலியில்லை என்னும் ஏற்பாட்டில் அவர் சொல் ஒரு குடும்பத்தின் அன்றைய உணவைத் தீர்மானித்தது. அவருக்குச் சம்பளம் கொடுத்தவரோ துரை. நோயாளருக்கும் முதலாளிக்கும் இடையில் நின்ற மருத்துவர் அவர், அந்நிலை எளியதன்று. தோட்டத்தார் நினைவுகளில் டிரசர் ஐயா தெய்வமாகவும் வருகிறார், கொடியவராகவும் வருகிறார்.

மொழியிலும் அவர் முழுதும் உள்ளே இருந்தவர் அல்லர். தொழிலாளர் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்டோர். அவர்கள் தலைவலி என்றதை யாழ்ப்பாணத்து டிரசர் தலையிடி என்றார். சளி அவருக்குத் தடிமன். அவர்கள் 'வலிக்கிறது' என்ற இடத்தில் அவர் ஊர் வழக்கு 'நோகிறது' என்பது. இவ்வேறுபாடுகள் சில மாதங்களில் பழகிவிடும். லயத்து வீட்டுக்கும் உத்தியோகத்தர் வீட்டுக்கும் இடையே இருந்த தொலைவு அவ்வளவு விரைவில் குறையவில்லை. ஆயினும் அவர் பேசியது தமிழ். முழுகாமல் இருக்கிறேன் என்பவளை அவர் தவறாக விளங்கிக்கொள்ள வழியில்லை.

துரைமாரும் தமிழ் கற்றனர் என்பதை இங்குச் சொல்லவேண்டும். இலங்கையிலும் மலாயாவிலும் தோட்ட நிருவாகிகளுக்கென்று கூலித் தமிழ்க் கையேடுகள் அச்சிடப்பட்டன. அவற்றின் தமிழ் பெரும்பாலும் ஏவல் வினைகளால் ஆனது: வா, போ, வெட்டு, சுமை, சீக்கிரம். கிறீனின் நூல்களையும் இக்கையேடுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவர், ஒரே மொழியை அயலார் இருவேறு தேவைக்குக் கற்ற விதத்தை ஒரு மணி நேரத்தில் உணர்வர். ஒன்று நோயாளரின் விடையைக் கேட்பதற்காகக் கற்றது; மற்றொன்று விடையை எதிர்பாராதது.

ஆனால் மொழியே எல்லாம் என்று நாம் வாதிடப் போவதில்லை. அதற்கு மாறான சான்று கிள்ளானில் இருக்கிறது. 1901-இல் மால்கம் வாட்சன் என்னும் ஸ்காத்லாந்து மருத்துவர் அங்கு மாவட்ட மருத்துவராக அமர்ந்தார். கிள்ளான் அந்நாளில் காய்ச்சல் மலிந்த சிற்றூர். கொசுவே மலேரியாவைப் பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் இந்தியாவில் கண்டு நான்கு ஆண்டுகளே ஆகியிருந்தன. வாட்சன் சதுப்பை வடித்தார். காய்ச்சல் பெரிதும் தணிந்தது. பின் தோட்டங்களுக்குச் சென்று, குழந்தைகளின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரலை எண்ணிக் கணக்கெடுத்தார். தாழ்நிலத்தில் காட்டை வெட்டி நீரை வடித்தால் மலேரியா குறைவதையும், குன்றுப்புறத்தில் அதே வேலை மலேரியாவைப் பெருக்குவதையும் கண்டார். குன்றுகளில் நோய் பரப்பும் கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் வளர்வது. நிழல் தந்த காடு போனால் அதற்குக் கொண்டாட்டம். இவ்வுண்மையால் காப்பாற்றப்பட்ட தமிழ் உயிர்கள் மிகப் பல. மண்ணீரலை எண்ணத் தமிழ் தேவையில்லை. ஊர் முழுவதையும் ஒருங்கே காக்கும் மருத்துவம் பேச்சின்றியும் நடக்கும். தனியொருவர் முன்வந்து அமர்ந்து வாய்திறக்கும்போதுதான் மொழி குறுக்கே வருகிறது அல்லது துணைக்கு வருகிறது.

இனி நம் மலைக்கு வருவோம். செமாய் மக்களின் வாழ்நிலமான இம்மேட்டுநிலத்தை 1885-இல் வில்லியம் கேமரன் அளந்தார். 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் பார்வையிட்டபின் மலைவாழிடம் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து சாலை வந்தது. ஐரோப்பியர் வெப்பத்தினின்றும் காய்ச்சலினின்றும் தப்பி உடல் தேறுதற்கென வகுக்கப்பட்ட மலை இது. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலை பயிரிட்டுப் பழகிய மில்ன் அவருக்குத் துணைநின்றார். தமிழ்த் தொழிலாளர் மலையேறினர். தாழ்நிலத் தோட்டத்தாரை வாட்டிய மலேரியா இக்குளிரில் வலுவிழந்தது. குளிரும் ஈரமும் செங்குத்தான சரிவும் தம் பங்குக்கு இருமலையும் மூட்டுநோவையும் முதுகுப் பிடிப்பையும் கொடுத்தன. இங்கும் தோட்டத்து ஆஸ்பத்திரியும் டிரசருமே முதல் வாயில்.

நாடு விடுதலை பெற்றபின் 1965-இல் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டம் வந்தது. டிரசர் என்று ஊர் அழைத்தவரைச் சட்டம் தன் ஏட்டில் சேர்த்து, தகுதி வகுத்தது. 1990-ஆம் ஆண்டுச் சட்டம் தொழிலாளரின் வீட்டுக்கும் மருத்துவ வசதிக்கும் குறைந்த அளவை வகுத்தது. அதற்குள் தோட்டங்கள் பலவற்றில் ஆஸ்பத்திரிகள் மூடப்பட்டு, அரசு நலநிலையங்களும் சிற்றூர்க் கிளினிக்குகளும் அவ்விடத்தை நிரப்பத் தொடங்கிவிட்டன. தொழிலாளரின் பிள்ளைகள் ஆசிரியராகவும் தாதியராகவும் மருத்துவராகவும் ஆயினர். லயத்தில் பிறந்தவர் கழுத்தில் நாடிக்குழாய் தொங்க, தம் தாயின் வயதொத்த நோயாளரிடம் 'என்னம்மா செய்யுது?' என்று கேட்கும் நிலை நம் காலத்தில் வந்தது. அதனை நாம் சிறிய செய்தியாகக் கருதவில்லை.

வந்த காலத்திலேயே நோயாளர் மாறிவிட்டனர். இம்மலையின் தேயிலைச் சரிவுகளிலும் காய்கறிக் குடில்களிலும் இன்று பெரும்பாலும் உழைப்போர் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும். எண்பது ஆண்டுகளுக்கு முன் நம் முன்னோர் நின்ற வரிசையில் அவர்கள் நிற்கின்றனர். சாக்கிட் என்னும் அதே ஒரு சொல் அவர்கள் கையிலும் இருக்கிறது. சில வேளை மேற்பார்வையாளர் உடன்வந்து பெயர்த்துச் சொல்கிறார். வேலைக்கு அனுப்ப வேண்டியவரே நோயையும் எடுத்துச் சொல்வதில் உள்ள இடர்ப்பாட்டை, டிரசரின் கதை கேட்டோர்க்கு விளக்க வேண்டியதில்லை.

ஆசிரியர் இரண்டு பணிகளை மாணவரைக்கொண்டு செய்விக்கலாம் என்று எண்ணுகிறோம். முதலாவது, தோட்டத்தில் வாழ்ந்த மூத்தோரிடம் சென்று, உடலையும் நோயையும் பற்றி அவர்கள் வழங்கும் சொற்களை அவர்கள் ஒலிக்கும் வண்ணமே எழுதி வைத்தல். எந்த உறுப்புக்கு எந்த வினை வரும் என்பதையும் குறித்தல். பேரகராதிகளில் இவை யாவும் இல்லை. இருப்பவற்றுக்கும் தோட்டத்துப் பொருள் தரப்படவில்லை. இரண்டாவது, புதிதாய் வந்தோரின் சொற்களையும் அவ்வாறே கேட்டு எழுதுதல். வங்காளத்தார் வேதனையைப் பேத்தா என்பர். நம் இலக்கியத்தில் வரும் வியதை என்னும் வடசொல்லின் உறவு அது. நேப்பாளத்தார் வயிறு வலிக்கிறது என்பதற்குப் 'பேட் துக்யோ' என்பர். துக்கம் என்னும் சொல்லைத் தமிழர் மனத்துயருக்கே வைத்துக்கொண்டோம். ஆகவே பிரிஞ்சாங்கில் ஒரு தமிழ் மருத்துவர் துக்யோ என்று கேட்டவுடன், இவருக்கு என்ன துக்கமோ என்றுதான் முதலில் நினைப்பார்.